சம்மந்தி சிரிச்ச படம்

தம்பி, கோவிச்சுக்கிடாதீங்க, அந்தப் பாட்ட மட்டும் நிப்பாட்டிருங்க. வேற எந்தப் பாட்ட வேணும்னாலும் போடுங்க, மதுரை வரைக்கும் போடுங்க, நான் ஏன்னு கேக்க மாட்டேன். இல்ல இல்ல, நிப்பாட்ட வேணாம், கொஞ்சம் கொறைச்சு வைங்க. பாட்டு கேக்குற மனுசன் கையப் புடிச்சா எந் தொழிலுக்கே ஆகாது. கொறைச்சாலும் கேக்குதே. சரி, நிப்பாட்டியே வைங்க. நல்லாருப்பீங்க.

'ஆர்மோனியம் அண்ணாவி' படத்துப் பாட்டுதான அது? எனக்குத் தெரியாதா. அந்தப் படத்தாலதான் தம்பி நான் இப்ப இந்தப் பஸ்ஸுல உக்காந்திருக்கேன். இன்னைக்குப் போற காரியம் சரியா வரலேன்னா எம் மக கல்யாணம் நின்னு போகும். பேச்சுக்குச் சொல்லல, நின்னே போகும். ஒரு சினிமாப் படத்துக்காக எங்கயாச்சும் கல்யாணம் நின்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? சீதனத்துக்காக நிக்கும், சாதகத்துக்காக நிக்கும். படம் நல்லாருக்கு, நல்லால்லன்னு நிக்குமா?

சன்னலச் சாத்திக்கிறட்டா? வேணாம், காத்து வரட்டும். காரியாபட்டி போயிருச்சா? இன்னும் வரலையா? இந்த டிரைவரு என்ன, ஒவ்வொரு வேகத்தடையிலயும் சாமி கும்புட்டுட்டு ஏத்துறாரு. வேகமாப் போனாலும் தொந்தரவுதான். சீக்கிரம் போய்ச் சேந்துருவோம்.

நமக்கு அருப்புக்கோட்டை. பேரு இருளப்பன். வெறும் இருளப்பன்னு கேட்டா யாருக்கும் தெரியாது, ரேடியோ செட்டு இருளப்பன்னு கேளுங்க, கைப்புள்ளகூட வீட்டக் காட்டும். கல்யாணம், காதுகுத்து, கோயில் பொங்கல், கட்சிக் கூட்டம், எதுன்னாலும் நம்ம செட்டுதான். மரத்துல கட்டுற கொழாய் ஸ்பீக்கர்லருந்து இப்ப வந்திருக்கிற டிஜே பாக்ஸ் வரைக்கும் எல்லாம் நம்மகிட்ட இருக்கு. தொழில் நல்லாப் போகுது, குறை சொல்றதுக்கில்ல. எந்த நேரத்துல எந்தப் பாட்டப் போடணும்னு எனக்குத் தெரிஞ்ச மாதிரி சுத்துப்பட்டுல எவனுக்கும் தெரியாது. பொண்ணழைப்புக்கு ஒரு பாட்டு, தாலி கட்டயில ஒரு பாட்டு, பந்தி லேட்டானா சனங்க கோவப்படாம இருக்கிறதுக்கு ஒரு பாட்டு. பாட்டு விசயத்துல எங்கிட்ட யாரும் வாயத் தொறக்க முடியாது. பெருமைக்குச் சொல்லல, உள்ளதச் சொல்றேன்.

ஒரே மக. வினோதினி. லேப்ல வேல பாக்குது, ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ற எடத்துல. ரொம்ப அமைதியான புள்ள தம்பி. வீட்டுல அது நாலு வார்த்த சேந்தாப்புல பேசி நான் கேட்டதே இல்ல, அம்புட்டு அடக்கம். அதுக்கு மதுரை வில்லாபுரத்துல ஒரு சம்மந்தம் அமைஞ்சுச்சு. பேட்டரி கடை வெச்சிருக்கிற தவமணின்னு ஒருத்தரு, அவரு மகன் ஜெகதீசு. லிப்டு மாட்டுற கம்பெனியில வேல. தவமணியோட தாயார் தவறி இன்னும் வருசம் திரும்பல. திரும்புனதும் ஆவணியில வெச்சுக்குவோம்னு பேசி, பூ வெச்சு உறுதி பண்ணியாச்சு. எல்லாம் நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு. தவமணி அதிகம் பேச மாட்டாரு. நான் பேசுவேன், அவரு கேட்டுக்கிருவாரு. பொருத்தமான சம்மந்தின்னு நானே எஞ் சம்சாரம் பஞ்சவர்ணத்துகிட்டச் சொன்னேன். அவ என்ன சொன்னா தெரியுமா? "அந்த மனுசன் ஆத்தா போன துக்கத்துல இருக்காரு, நீங்க அவரப் பேசவும் விடல"ன்னா. பொம்பளைகளுக்கு எதுலயாச்சும் ஒரு நொட்டை சொல்லணும்.

எங்க பக்கம் உறுதி பண்ணிட்டா ரெண்டு வீட்டாளுகளும் சேந்து ஒரு படத்துக்குப் போறது உண்டு. பொண்ணும் மாப்பிள்ளையும் பக்கத்துப் பக்கத்துல உக்கார மாட்டாக. நடுவுல பொம்பளையாளுக உக்காந்துக்கிருவாக. ஆனாலும் எல்லாரும் ஒரே படத்தப் பாத்தோம், ஒரே எடத்துல சிரிச்சோம்னு மனசுக்கு ஒரு இது. என்ன படத்துக்குப் போறதுன்னு பேச்சு வந்தப்ப சம்மந்தியே சொன்னாரு, "நீங்க பாட்டுத் தெரிஞ்சவரு, நீங்களே ஒரு நல்ல படமாப் பாத்துச் சொல்லுங்க மச்சான்"னு. அதக் கேக்க எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? ஒரு சுத்து பெருத்துட்டேன்.

சுவரு பூராம் அந்தப் படத்துப் போஸ்டருதான் ஒட்டியிருந்துச்சு. குடுமி வெச்ச ஒருத்தன், ஜிப்பா, ஆர்மோனியம், பின்னாடி தொப்பி போட்ட வெள்ளக்காரத் தொரை. அந்தக் காலத்து நாடகக் கம்பெனி கதை. பாட்டு நெறயா இருக்குன்னாங்க. நம்ம ஏரியாவாச்சேன்னு கண்ண மூடிக்கிட்டு அதுக்கே போவோம்னு சொல்லிட்டேன்.

படத்தப் பத்திச் சொல்றேன் கேளுங்க. நீங்க பாத்துட்டீங்களா? பாத்திருப்பீங்க, பாக்காமயா பாட்டு கேக்குறீங்க. பாத்திருந்தாலும் நான் சொல்றதக் கேளுங்க.

அண்ணாவின்னு ஒருத்தன் ஆர்மோனியம் வாசிக்கிறான். சரி. அவன் குடிக்கத் தண்ணி கேக்குறதுன்னாலும் பாட்டாக் கேக்குறான். குடுக்குறவளும் பாடிக்கிட்டே குடுக்குறா. போலீசு வந்து புடிக்குது, இன்ஸ்பெக்டரு பாடிக்கிட்டே வெலங்கு மாட்டுறாரு. கோர்ட்டுக்குக் கொண்டு போனா ஜட்ஜு தீர்ப்பப் பாட்டாப் படிக்கிறாரு, வக்கீலு மேசையில தாளம் போடுறாரு. பாட்டுன்னா ஒரு மருவாதி வேணாமா தம்பி? சினிமாவுல பாட்டு எதுக்கு வெக்கிறது? ஆம்பளையாளு எந்திரிச்சுப் போயி ஒரு டீயக் குடிச்சிட்டு வர்றதுக்கு. படம் பூராம் பாட்டா இருந்தா மனுசன் எப்ப எந்திரிக்கிறது? அடக்கிக்கிட்டே உக்காந்திருந்தேன். அதுலயும் வெள்ளக்காரன் காலத்துப் படத்துல எலெக்ட்ரிக் கிதாரு அடிக்கிறான். கரண்டுக் கம்பமே இல்லாத ஊருல கிதாருக்கு எங்கிட்டுருந்து கரண்டு வந்துச்சு? ரேடியோ செட்டுக்காரன் நான் இதக் கேக்காம வேற யாரு கேக்குறது?

எனக்கு நாலு சீட்டு தள்ளி சம்மந்தி. மொதல்ல சும்மாத்தான் இருந்தாரு. அந்த இன்ஸ்பெக்டரு பாடும்போது ஒட்டு மீசை கழண்டு ஆர்மோனியத்துக்குள்ள விழுந்து, அதுக்குப் பெறகு ஆர்மோனியம் தும்முது பாருங்க, அங்க ஆரம்பிச்சாரு. தொடையத் தட்டித் தட்டிச் சிரிக்கிறாரு. கண்ணுல தண்ணி வருது, துண்டால தொடைக்கிறாரு, தொடைச்சிட்டு மறுபடியும் சிரிக்கிறாரு. அவரு சம்சாரம் படத்தப் பாக்கவே இல்ல. புருசன் மொகத்தையே பாத்துக்கிட்டிருந்துச்சு. எனக்குன்னா உடம்பு கூசிப் போச்சு. ஏன்னா தியேட்டர்ல பாதிச் சனம் இப்படிச் சிரிக்குது, பாதிச் சனம் எந்திரிச்சுப் போகுது. போறவன் பூராம் என்னைய மெதிச்சுக்கிட்டுத்தான் போனான், நான் ஓரச் சீட்டு.

இடைவேளையில எனக்குப் பின்னாடி ஒரு கூட்டம் நின்னு பாப்கார்ன் தின்னுச்சு. அதுல ஒருத்தன், "எவன்டா இந்தப் படத்துக்குக் கூட்டியாந்தது? அவனக் கூப்புடுறா"ங்கிறான். அவன் அவன் சேக்காளியச் சொல்றான், எனக்குத் தெரியுது. ஆனாலும் தம்பி, காதெல்லாம் சூடாயிருச்சு. கூட்டியாந்தது நான்தான? சம்மந்தி சும்மா இருக்க வேண்டியதுதான, எந் தோள்ல கையப் போட்டு, "நல்ல படமாக் கூட்டியாந்தீக மச்சான்"ங்கிறாரு. கிண்டல் பண்றாருன்னுதான் நெனச்சேன். நீங்களா இருந்தா என்ன நெனைப்பீங்க? பாதித் தியேட்டரு காலியாக் கெடக்கு, ஒருத்தரு நல்ல படம்ங்கிறாரு. கிண்டல்தான?

கண்டக்டர், இது காரியாபட்டியா? எம்புட்டு நேரம் நிப்பீங்க? எறங்கி ஒரு நட நடந்துட்டு வந்தா தேவல. வேணாம், விட்டுட்டுப் போயிருவீக. இருக்கேன்.

எங்க விட்டேன்? ஆங், இடைவேளை. அதுக்குப் பெறகுதான் ஒரு மைக்கு வந்துச்சு. இங்கதான் தம்பி வென வந்துச்சு.

படம் விட்டு வெளிய வந்தா, வாசல்ல ஒரு பொண்ணு மைக்க வெச்சுக்கிட்டு நிக்குது. பின்னாடி ஒரு பையன் கேமராவோட. போற வர்றவகள எல்லாம் மறிச்சு, "சார் படம் எப்படி இருக்கு? அக்கா படம் எப்படி இருக்கு?" எல்லாரும் போற போக்குல ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறாக. "சூப்பர்"ங்கிறான் ஒருத்தன். "தலவலி"ங்கிறான் இன்னொருத்தன். "பாட்டு ஓக்கே, கதைதான் காணோம்"னு ஒரு அம்மா. நானும் அப்படி ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம். ஆனா அந்தப் பொண்ணு மைக்கப் புடிச்சிருந்த லெச்சணம் இருக்கே! நெஞ்சுக்கு நேராப் புடிக்குது, வாய்க்கும் மைக்குக்கும் ஒரு மொழம் எடவெளி. எனக்குக் கை சும்மா இருக்குமா? "இப்படிப் புடிக்கணும்மா"ன்னு வாங்கிட்டேன். வாங்குனவன் தட்டிப் பாத்தேன். ஹலோ ஹலோன்னேன். நல்ல மைக்கு தம்பி, பக்கத்துல வெச்சுப் பேசுனா கணீர்னு இருக்கும்.

மைக்கு கைக்கு வந்துருச்சுன்னா எனக்கு முன்னாடி ஆயிரம் பேரு உக்காந்திருக்கிற நெனப்பு. என்ன பேசுனேன்னு முழுசா ஞாபகமில்ல. கிதாரச் சொன்னேன், ஜட்ஜச் சொன்னேன், டீ குடிக்க முடியலேங்கிறதச் சொன்னேன். சுத்தி நின்னவக கைதட்டுனாக. கைதட்டுனா இன்னும் ரெண்டு வார்த்த வரத்தான செய்யும். கடைசியாச் சொன்னேன்: "இந்தப் படத்தப் பாத்துச் சிரிக்கிறவன் எழவு வீட்டுலயும் சிரிப்பான்."

பொதுவாத்தான் தம்பி சொன்னேன். சம்மந்தி எனக்குப் பின்னாடிதான் நிக்கிறாரு, அது எனக்கு எப்படித் தெரியும்? சரி, தெரியும், கூடத்தான வந்தோம். ஆனா மைக்கு கையில இருக்கயில பின்னாடி நிக்கிறவக ஞாபகம் யாருக்காச்சும் வருமா?

அந்தப் பொண்ணு எங்கிட்டருந்து மைக்கப் புடுங்கி அவருகிட்ட நீட்டிருச்சு. "சார், உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" அவரு துண்டால கண்ணத் தொடைச்சிக்கிட்டு, "ரொம்ப நாளைக்கு அப்பறம் இன்னைக்குத்தாம்மா சிரிச்சேன்"னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. சொல்லிட்டு வண்டி எடுக்கப் போயிட்டாரு.

மறுநா அது செல்லுல சுத்த ஆரம்பிச்சிருச்சு. 'கலவையான விமர்சனம்'னு தலைப்பு போட்டு, இந்தப் பக்கம் என் மொகம், அந்தப் பக்கம் அவரு மொகம். நான் எழவு வீட்டுலயும் சிரிப்பான்ங்கிறேன். ஒடனே அவரு கண்ணத் தொடைச்சிக்கிட்டு, இன்னைக்குத்தாம்மா சிரிச்சேன்ங்கிறாரு. ரெண்டையும் சேத்து ஒட்டுனவன் வெளங்குவானா? வில்லாபுரத்துல அவரு கடைக்கு வர்றவன் போறவன் எல்லாம் அதப் போட்டுக் காட்டி, "என்ன அண்ணாச்சி, உங்க ஆத்தா செத்ததுக்குச் சிரிச்சீங்களாம்ல, சம்மந்தி சொல்றாரு"ன்னு கேட்டிருக்கான். அவரு ரெண்டு நா கடையவே தொறக்கலையாம். எஞ் சம்சாரம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்கிட்ட அவரு ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தா வெளக்கிச் சொல்லியிருப்பேன்ல?

நீங்களே சொல்லுங்க, தப்பு யாரு மேல? படம் நல்லால்ல. நல்லால்லாத படத்த நல்லால்லன்னு சொல்லக்கூடாதா? இல்ல இருங்க, நீங்க அப்பறம் சொல்லுங்க, நான் முடிச்சிர்றேன்.

நான் லேசுல விடுற ஆளு கெடையாது. ஊருக்குள்ள போயி அந்தப் படத்தப் பாத்தவக எல்லாத்தையும் கேட்டேன். நாலு பேரு சொன்னா நியாயம் எம் பக்கம்னு ஆயிரும்ல, அத அப்படியே சம்மந்திகிட்டச் சொல்லிரலாம்ல. சலூன் மருதமுத்து, "மொதப் பாதி நல்லாருக்கு, ரெண்டாவது பாதிதான் இழுவை"ன்னான். அதப் பாதி ஓட்டுன்னு வெச்சுக்கிட்டேன். பள்ளிக்கூடத்து வாத்தியாரு ஒருத்தரு, "அந்தக் காலத்துல ஏதுங்க பிளாஸ்டிக் வாளி, ஒரு சீன்ல தெரியுது"ன்னாரு. அவரு எம் பக்கம். மருந்துக் கடைக்காரரு, "ஒண்ணும் புரியல, ஆனா மூணு வாட்டி பாத்துட்டேன்"னாரு. அவர எந்தப் பக்கம் சேக்குறது? டீக்கடை மாஸ்டரு, "ஏசி நல்லாருந்துச்சுண்ணே, தூங்கிட்டேன்"னாரு. தூங்குனாருன்னா நல்லால்லன்னுதான அர்த்தம்? எம் பக்கம்தான். பஞ்சவர்ணத்தக் கேட்டேன். "அடுப்படிய விட்டு மூணு மணி நேரம் வெளிய உக்காந்திருந்தேன், எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு"ன்னா. இதெல்லாம் ஒரு விமர்சனமா!

அப்பறம் பந்தல்குடியில ஒரு காதுகுத்து. செட்டு கட்டப் போனேன். ஒரு யோசன வந்துச்சு. அந்தப் படத்துப் பாட்டப் போட்டு விடுவோம், சனம் மொகத்தச் சுளிக்கும், நிப்பாட்டுங்கன்னு நாலு பெரிய மனுசன் வருவாரு, அத அப்படியே செல்லுல புடிச்சு சம்மந்திக்கு அனுப்புவோம்னு. அந்த ஜட்ஜு பாட்டத்தான் போட்டேன், இருக்கிறதுலயே மட்டம் அதுதான். ஒருத்தரும் நிப்பாட்டச் சொல்லி வரல. இன்னொருக்கா போடச் சொல்லித்தான் வந்தாக. சமையக்காரரு கரண்டியால அண்டாவுல தாளம் போடுறாரு. கெழவன் கெழவி எல்லாம் எந்திரிச்சு ஆடுது. காது குத்துற புள்ளகூட அழுகல. அதுக்குப் பாட்டு காரணம் இல்ல, ஆசாரி கைராசிக்காரரு. சத்தத்தத் தூக்கி வெச்சா எந்தப் பாட்டுக்கும் சனம் ஆடத்தான் செய்யும். அத வெச்சுப் படம் நல்லாருக்குன்னு சொல்ல முடியுமா?

பத்து நாளு சம்மந்தி வீட்டுலருந்து பேச்சு மூச்சு இல்ல. அப்பறம் போன வாரம் மாப்பிள்ளதான் பஞ்சவர்ணத்துக்குப் போன் போட்டிருக்காரு. தயங்கித் தயங்கிச் சொன்னாராம். "அத்தை, மண்டபத்துக்கு ரேடியோ செட்டு எங்க ஊருலயே சொல்லிட்டாருத்தை எங்கப்பா."

தம்பி. தண்ணி வெச்சிருக்கீங்களா? ஒரு மொடக்குக் குடுங்க.

கேட்டீங்களா அந்தக் கொடுமைய. ஊருல எம்புட்டுப் பேரு புள்ளைக கல்யாணத்துக்குப் பாட்டுப் போட்டிருப்பேன். எங்களுக்கு ஆகாதவன் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட நம்ம கொழாய்தான் கட்டியிருக்கும். எம் மக கல்யாணத்துக்கு இன்னொருத்தன் வந்து மைக்குல ஹலோ ஹலோன்னா, நான் முன் வரிசையில வெத்தலயப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கணுமா? அதுக்கு என்னையச் செருப்பால அடிச்சிருக்கலாம். எந்தப் பாட்டுக்குத் தாலி கட்டணும்னு இந்தப் புள்ள பொறந்த அன்னைக்கே எடுத்து வெச்சவன் நான். போன் போட்டுக் கத்திட்டேன். அவரு எடுக்கல, அவரு சம்சாரந்தான் எடுத்துச்சு. நான் கத்தி முடிக்கிற வரைக்கும் பேசாம இருந்துட்டு, "ஞாயித்துக்கெழம நேர்ல வரச் சொன்னாருண்ணே. பேசித் தீந்தாத் தீருது. இல்லேன்னா புள்ளைகள இப்பவே பிரிச்சு விட்டுருவோம், கட்டி வெச்சுட்டுப் பின்னாடி கஷ்டப்பட வேணாம்ங்கிறாரு"ன்னு சொல்லி வெச்சிருச்சு.

அதான் தம்பி, இந்தப் பஸ்ஸு. இப்ப வலையங்குளமா? எதுக்கு இம்புட்டு வெரசாப் போறாரு?

காலையில கெளம்பயில வினோ வந்து வாசல்ல நின்னுச்சு. "எப்பா, ஊரு பூராம் படம் எப்படின்னு கேட்டீங்களே, என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?"ன்னுச்சு. "நீ எங்கிட்டுப் படத்தப் பாத்த, மாப்பிள்ளையத்தான பாத்த"ன்னு சிரிச்சேன். வெளையாட்டுக்குத்தான். அது சிரிக்கல.

"எனக்கு அந்தப் படம் சுத்தமாப் பிடிக்கலப்பா"ன்னுச்சு. "நீங்க மைக்குல கத்திக்கிட்டிருந்தப்ப நான் அவருகிட்ட அதச் சொன்னேன். அவருக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. ஆனா ஏன் பிடிக்கலேன்னு கேட்டாரு. கேட்டுட்டு நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசலப்பா. நான் அம்புட்டு நேரம் பேசுவேன்னு எனக்கே அன்னைக்குத்தான் தெரியும். நம்ம வீட்டுல நான் வாயத் தொறந்தா நீங்க ஆம்ப்ளிபயரப் போட்டு டெஸ்ட் பண்ணுவீங்க. இந்தக் கல்யாணம் நின்னா நீங்க வேற மாப்பிள்ள பாத்துருவீங்க. கேக்குற ஆளாப் பாத்துத் தருவீங்களா? அங்க போயி நியாயம் பேசாதீங்கப்பா. மாமா என்ன சொல்றாரோ அதக் கேட்டுட்டு மட்டும் வாங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியமாப் போகும்."

அழுகல தம்பி. அழுதிருந்தா தலையத் தடவிச் சமாதானம் சொல்லியிருப்பேன். நேரா மூஞ்சியப் பாத்துச் சொல்லுச்சு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே வந்தேன், எதுக்க வந்தவக கும்புட்டதுக்குக்கூட பதில் சொல்லல. எம் மகளுக்கு இம்புட்டுப் பேச்சு வருமான்னு இருக்கு. இருபத்தஞ்சு வருசமா இந்தப் பேச்ச எங்க வெச்சிருந்துச்சு?

பெறகு பஸ்ஸுல ஏறி உக்காந்துதான் நிதானமா யோசிச்சேன். நீங்க ஒண்ணு கவனிச்சீங்களா? அதுக்கும் படம் பிடிக்கல! எம் புள்ள எம் பக்கம்! ஊரெல்லாம் ஓட்டுக் கேட்டு அலைஞ்சேன், வீட்டுக்குள்ளயே ஒரு ஓட்டு இருந்திருக்கு. இதச் சம்மந்திகிட்டச் சொன்னா என்ன? "உங்க வீட்டுக்கு வரப் போற மருமகளுக்கே அந்தப் படம் பிடிக்கல மச்சான்"னு பக்குவமா ஒரு வார்த்த...

ஏன் தம்பி தலையில கை வெக்கிறீங்க? சொல்லக்கூடாதா?

அப்ப என்னதான் சொல்றது? ஒண்ணும் சொல்லாம ஒரு மனுசன் எதுக்க எப்படி உக்காருறது? கைய எங்க வெக்கிறது? சரி, ஒண்ணு செய்வோம். இன்னும் பெருங்குடி இருக்கு. நீங்க சம்மந்தின்னு வெச்சுக்கங்க. நான் உங்க வீட்டுக்கு வந்து நாற்காலியில உக்காந்துட்டேன். காப்பி குடுத்துட்டாக. நீங்க பேசுங்க, நான் கேக்குறேன். சும்மா ஒத்திகைதான். வெக்கப்படாதீங்க, பேசுங்க.

அப்படியா. அது சரி மச்சான், ஆனா அந்தக் கிதாரு...

இருங்க, இருங்க. பேசிட்டேன்ல? எனக்கே தெரியுது. மறுபடியும் மொதல்லருந்து ஆரம்பிங்க.

நீங்க சொல்றது நியாயந்தான், நான் ஒண்ணும் இல்லேங்கல, ஆனா பொதுவாச் சொன்ன வார்த்தைய...

அட, மறுபடியுமா! நீங்க ரெண்டு வார்த்தகூடச் சொல்லல. தம்பி, இது ஆகாது போலயே. பேசாம இருக்கிறது இம்புட்டுக் கஷ்டமா? எல்லாரும் இதத்தான் தெனமும் செய்றாகளா? பஞ்சவர்ணம் கட்டுன நாள்லருந்து இதத்தான் செய்றாளா? எனக்குப் பயமா இருக்கு தம்பி. நான் போயி உக்காந்தா பேசிருவேன். பேசுனேன்னா எம் புள்ள வாழ்க்க போச்சு. நான் இப்படியே திரும்பிப் போயிர்றேன், நீங்க எனக்குப் பதிலா எறங்கிப் போங்களேன்?

சிரிக்காதீங்க. நெசமாத்தான் சொல்றேன்.

இருங்க, போன் அடிக்குது. வினோவாத்தான் இருக்கும், எதுவரைக்கும் போயிருக்கேன்னு கேக்கும்.

அய்யய்யோ. சம்மந்தி.

படம் பாத்த அன்னைக்குப் பெறகு இந்த நம்பர்லருந்து ஒரு போன் வரல தம்பி. எடுக்கட்டா? நின்னுருமோ? நீங்களே அந்தப் பச்சைய அமுக்குங்க. இல்ல, ஸ்பீக்கர்ல போட வேணாம். காதுலயே வெச்சுக் கேக்குறேன்.

அலோ. ஆமா சம்மந்தி, நாந்தான். பஸ்ஸுல வந்துக்கிட்டிருக்கேன், பெருங்குடி தாண்டிருச்சு. அன்னைக்கு நான் என்ன சொல்ல வந்தேன்னா...

இல்ல. ஒண்ணுமில்ல. நீங்க சொல்லுங்க.

ம்.

ம்.

ஆமா, சிரிச்சீங்க. பாத்தேன் மச்சான்.

ம்.

இல்ல, போன் கட்டாகல. இருக்கேன், சொல்லுங்க.

ம்.